பன்னிரண்டு பதின்மூன்று

காசிமேடு மாநகராட்சித் தொடக்கப்பள்ளி,
நாலாம் வகுப்பு 'ஆ' பிரிவு.
ஒரு மீட்டருக்கு அறுத்த ஒட்டடைக் கம்பு.
அது நேராக நிற்கிறதா என்று பார்க்க
தேசப்பன் அவன் அப்பா வலையிலிருந்து
ஓர் ஈயக்குண்டைக் கழற்றி வந்திருந்தான்
கேட்காமல்தான்.

நேற்றே வந்துவிட்டன மற்ற வகுப்புகளின் கணக்குகள்.
உச்சிவெயிலில் அதே நீளக் கம்புக்கு
நைரோபியில் நிழல் இருபத்தைந்து செ.மீ.
பெர்கனில் நூற்றொன்பது:
கம்பைவிட நிழல் நீளம்!

இன்று எங்கள் முறை.
பதினொன்றே முக்காலுக்கு மேகம்.
தேசப்பன் கெட்ட வார்த்தை சொன்னான்.
டீச்சருக்குக் காதில் விழவில்லையாம்.

பன்னிரண்டு பத்துக்கு வெயில்.
கம்பின் காலடியில்
ஒரு விரற்கடை,
ஒரு நகம்,
அப்புறம்
தேடினோம்.

ஸ்கேலோடு குனிந்த மேக்தலின் நிமிரவில்லை.
"பூஜ்யம், டீச்சர்" என்றாள்,
பரீட்சைத் தாளை வீட்டில் நீட்டுகிற குரலில்.

"அப்படியே எழுது."

எழுதினாள். அழித்தாள்.
மறுபடி எழுதினாள்,
இம்முறை பெரிதாக.
படமெடுத்து அனுப்பினோம்.

மூன்று மணிக்கு நைரோபியிலிருந்து கேள்வி:
கம்பு இருக்கட்டும்,
நீங்கள் முப்பத்தொரு பேர்,
உங்கள் நிழல்கள் எங்கே போயின?

எல்லோரும் யோசிப்பதற்குள்
மேக்தலின் தட்டச்சு செய்துவிட்டாள்:
எங்கும் போகவில்லை.
மிதித்துக்கொண்டு நின்றோம்.