வடிகட்டி

பெர்கனில் அன்றும் மழை.
பழைய மீன்டப்பா ஆலையின் இரண்டாம் மாடியில்
ஈயப்புகை கண்ணைக் கரிக்க
ஒரு வயரில்லாப் பொத்தான் பற்றவைத்தேன்
சுன்னிவாவின் கன்னத்துக்கு.
அழுத்த அழுத்தச் சுரம் ஏறும்.

அவள் கழுத்து தானாக ஆடும்.
தொட நினைப்பது ஒருமுறை,
தொடுவது நான்கு.
மிச்ச மூன்றையும் நிரலில் கழித்தேன்.

டோர்கெய்ர் இழுவைப்படகில் இஞ்சின் பார்த்தவர்.
வலக்கை வாதத்தில் போய்விட்டது,
இடக்கைக்கு ஒரு நெம்புகோல்.
அவர் பிந்துவதையெல்லாம்
தாளத்தோடு இழுத்து ஒட்டினேன்.
ஐலிஃபுக்குக் காது கேட்காது;
பெஞ்சின் அடியில் ஒலிபெருக்கியைத் திருகி முடுக்கினேன்,
மந்தர ஸ்தாயி தொடையெலும்பில் ஏறும்.

எல்லாருக்கும் ஐந்தே சுரம்.
எதைத் தொட்டாலும் எதனோடும் பொருந்தும்.
அபஸ்வரத்துக்கு வழியே இல்லை என்று
மானிய விண்ணப்பத்தில்
தடித்த எழுத்தில் போட்டிருந்தேன்.

வாசித்தார்கள்.
பல் மருத்துவரின் வரவேற்பறை போல
இதமாக இருந்தது.

முடிந்ததும் சுன்னிவா திரையைப் பார்த்தாள்.
எழுத்து எழுத்தாகக் கண்ணால் பொறுக்கினாள்.
நான்கு நிமிடம்.
கெட்டிலில் தண்ணீர் கொதித்து அடங்கியது.
திரையின் குரல் கேட்டது:
"இப்போது வாசித்தது யார்?"

பதில் சொல்ல வாயெடுத்தேன்.
அவள் இன்னும் எழுதிக்கொண்டிருந்தாள்.
"ஆறு பிழை செய்தேன்.
ஒன்றைக்கூடக் காணோம்."

மடிக்கணினியைத் திறந்து
வடிகட்டியை அணைத்தேன்.
பன்னிரண்டு சுரத்தையும் அவிழ்த்துவிட்டேன்.
தாளத்தில் தடவிய பசையை உரித்தேன்.

முதல் ஒலி
தகரத்தில் ஆணி கீறியது.
டோர்கெய்ர் வெடித்துச் சிரித்தார்,
"என் பழைய இஞ்சினேதான் இது!"
அதன்மேல் ஒரு நெம்பு நெம்பினார்,
பிந்தித்தான் வந்தது.
அது வரும்வரை
சுன்னிவா தன் சுரத்தை விடாமல் பிடித்திருந்தாள்.
நான் குப்பையென்று கூட்டித் தள்ளிய மூன்றும்
அதன் விளிம்பில் நின்று அசைந்தன.
கமகம் என்று சொல்லிவிட ஆசை.
பாதி நேரம் வெறும் உதறல்தான்.
மறு பாதிக்கு என்ன பேரென்று தெரியவில்லை.
ஐலிஃப் பெஞ்சில் உள்ளங்கை பதித்து
எண்ணிக்கொண்டிருந்தான்.

நாலரைக்குச் சக்கரநாற்காலி வண்டி வந்துவிடும்.
பாட்டு முடிந்ததா என்று
ஓட்டுநர் கேட்பதில்லை.
கன்னத்துப் பொத்தானைக் கழற்ற
சுன்னிவா விடவில்லை.
தாழ்வாரம் நெடுக அவள் போகப் போக
அறைக்குள் ஒலி
நான்கு நான்காக விழுந்துகொண்டிருந்தது.
லிஃப்ட் கதவு மூடியதும் அறுந்தது.

ஐலிஃப் பெஞ்சிலிருந்து
கையை எடுக்கவில்லை.