முறிப்புக்குளத்துப் புழுதி

அந்த வருசம் ஆவணியிலேயே குளம் வற்றிவிட்டது.
துருசடியில் மட்டும் ஒரு முழத் தண்ணீர்,
அதற்குள் விரால்கள் முதுகு தெரியப் புரண்டன.
மற்றதெல்லாம் எருமைக் குளம்பு பதிந்து
ஓடு மாதிரி இறுகிய சேறு.
அதில்தான் ஓடினார்கள்.

சவிரிமுத்து அண்ணையின் மோட்டார் சைக்கிளுக்கு
மட்காட் இல்லை. விளக்கு இல்லை.
சீற்றில் பாதியை எலி தின்றிருந்தது.
பெற்றோல் போத்தல் பவுண் விலை விற்ற காலம்.
ஊசிமருந்துச் சிரிஞ்சில் நாலு சொட்டு
காபரேற்றருக்குக் காட்டி எழுப்புவார்,
மிச்சத் தூரத்துக்கு மண்ணெண்ணெய்.
வெள்ளைப் புகை கக்கி அது இருமும்.
இருமல் நின்று ஒரு கணம் மூச்சுப் பிடிக்கும்.
அந்தக் கணத்துக்காகத்தான்
நாங்கள் மல்லாவியிலிருந்து நடந்து வந்தோம்.

ஒரு காலில் வயல் பூட்ஸ்.
மற்றக் காலில் செருப்பு,
சைக்கிள் ரியூப்பால் இறுக்கிக் கட்டினது.
"மற்றதை நாய் கொண்டு போட்டுது" என்றாராம்.

காறை எலும்பு முறிந்து,
கையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு
ஒற்றைக் கையால் ஓடினவர்
என்பான் ரயர் ஒட்டும் அன்ரன்.
முறிந்தது மணிக்கட்டு,
கட்டினது என்ரை பள்ளிக்கூட ரை
என்பாள் ஜெசிந்தா.
அந்த ரை இன்னும் திரும்பி வரவில்லை என்று
நாற்பத்தெட்டு வயதிலும் கணக்கு வைத்திருக்கிறாள்.
ஒண்டும் முறியேல்லை, எல்லாம் நடிப்பு,
மற்றவங்களை ஏமாத்தக் கட்டினது
என்று கோபாலர் சிரிப்பார்.
அவரும் ஒரு ஓட்டம் தவறவிட்டதில்லை.

எனக்கு நினைவிருப்பது முதுகு.
சுண்ணாம்பால் எழுதிய ஏழு.
ஒன்று என்கிறார்கள் இவர்கள்.
வேர்வையில் மேல்கோடு கரைந்திருக்கும்
என்று சொல்லிப் பார்த்தேன்,
எடுபடவில்லை.

வீரை மரத்தில் தொடங்கி
துருசைச் சுற்றி,
அலைகரை விடத்தல் பற்றைக்குள் நுழைந்து,
குளக்கட்டில் ஏறி அந்தரத்தில் எழும்பி
திரும்பக் குளத்துக்குள் விழவேண்டும்.
மூன்று தரம்.
கடைசித் தரம் ஒன்பது பேரும் புழுதிக்குள் போனார்கள்.
வெளியே வந்தது சத்தம் மட்டும்.
அதற்குள் ஓர் இருமல்.
எங்கள் இருமல்!
கட்டிலிருந்து சறுக்கி இறங்கி ஓடினோம்,
ஆளையும் வண்டியையும் சேர்த்தே தூக்கினோம்.
சைலன்சர் சுட்ட தழும்பு
இந்தா, என் கெண்டைக்காலில் இருக்கிறது.

பிறகு இடம்பெயர்ந்தோம்.
எதை எந்த இடத்தில் விட்டோம் என்பதற்கு
ஒரு கொப்பி போதாது.
இந்தக் கதையை மட்டும்
ஆளுக்கொரு விதமாகக் காவிக்கொண்டு வந்திருந்தோம்.

போன ஞாயிறு அன்ரனின் கடையில்
ஏழா ஒன்றா என்று குரல் ஏறிக்கொண்டிருந்தபோது
சைக்கிளை உருட்டிக்கொண்டு அவரே வந்தார்.
கரியரில் தவிட்டு மூட்டை,
பின் ரயரில் காற்றில்லை.
அரிசி ஆலையில் மூட்டை ஏற்றுகிறாராம்.
பம்ப் இரண்டு தரம் மூச்சு விடும்வரை
எங்களைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

"அண்டைக்கு நான் மூண்டாவது" என்றார்.
"முதலாவது பனங்காமத்துத் தேவசகாயம்.
நல்ல ஓட்டக்காரன்.
ஒருத்தரும் அவனைப் பற்றிக் கதைக்கிறேல்லை."

பம்ப் நின்றுவிட்டது.
அந்தப் பெயருக்கு ஒரு முகம் தேடினோம்.
புழுதிதான் வந்தது.

அன்ரன்தான் கடைசியில் வாய் திறந்தான்:
"நீங்கள் புழுதிக்குள்ளை நிண்டனீங்கள் அண்ணை.
உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அவர் கொஞ்சம் யோசித்தார்.
பெருவிரலால் ரயரை அமத்திப் பார்த்தார்.
எவ்வளவு என்று கேட்டார்.
காற்றுக்குக் காசு வேண்டாம் என்றான் அன்ரன்.
ஜெசிந்தா தன் ரையைக் கேட்டாள்.