வாஞ்சூர் மூங்கில்

வாஞ்சூர் ரோட்டில் ஒரு மூங்கில்
குறுக்கே கிடக்கும். அவ்வளவுதான் எல்லை.
தெற்கே நாகூர். வடக்கே காரைக்கால்.
இரண்டு பக்கமும் ஒரே கருவாட்டு வாசம்,
கூப்பிட்டால் கேட்கும் தூரம்.

நாற்பத்தேழில் வெள்ளைக்காரர் போனார் என்று
நாகூரில் மிட்டாய் கொடுத்தார்கள்.
இந்தப் பக்கம் இல்லை.
இங்கே ஆண்டது வேறு வெள்ளைக்காரர்,
பிரெஞ்சுக்காரர்.
அவர் இன்னும் மூட்டை கட்டவில்லை.

"அவங்களுக்கு லீவு, நமக்கு மட்டும் பள்ளிக்கூடமா?"
நாலாம் வகுப்பு ஹபீபா கேட்டாள்.
பெரியவர்களும் அதையேதான் கேட்டார்கள்,
கொஞ்சம் சத்தமாக.
கடையை அடைத்துக் கேட்டார்கள்,
ஊர்வலம் போய்க் கேட்டார்கள்.
சிலரைப் பிடித்துப் பூட்டினார்கள்.
பூட்டுக்குள்ளிருந்தும் கேட்டார்கள்.
ஏழு வருஷம்!

மூங்கிலடியில் சிவப்புத் தொப்பி அந்துவான்.
ஊர் நம்ம ஊர், சம்பளம் அவர்களுடையது.
"பையில் கொடி இருக்கா?" என்பார்.
மூவர்ணம் கண்டால் பிடுங்கிக்கொள்வார்.

ஒரு வெள்ளிக்கிழமை மரகதவல்லி
நாகூர்ச் சந்தையிலிருந்து திரும்பினாள்.
சடையில் கனகாம்பரம்,
அதன் கீழே மல்லிகை,
அதன் கீழே மரிக்கொழுந்து.

"இது என்ன?"
"பூ."
"தெரியுது. ஒரு நிறம் போதும், மற்றதை எடு."

மல்லிகை மண்ணில் விழுந்தது.
மரிக்கொழுந்தை அங்கே நின்ற ஆடு தின்றது.
மரகதவல்லி அழவில்லை,
வீட்டுக்குப் போய்த்தான் அழுதாள்.

அடுத்த வெள்ளி மூன்று பேர் வந்தார்கள்.
ஆளுக்கு ஒரே நிறம், சட்டப்படி.
திரேசுக்கு எதிலும் அவசரம்,
மல்லிகையோடு முந்திக்கொண்டாள்.
பின்னால் கனகாம்பரம் மரகதவல்லி,
கடைசியில் மரிக்கொழுந்து ஹபீபா.

அந்துவான் பார்த்தார்.
இந்தப் பக்கம், அந்தப் பக்கம் பார்த்தார்.
தொப்பியைச் சரிசெய்வதுபோல் குனிந்து
மெல்லச் சொன்னார்:
"வெள்ளை நடுவுல வரணும்டி."

பிறகு ஐம்பத்து நாலு, அக்டோபர்.
ஊர்ஊராகத் தேர்ந்தெடுத்த ஆட்கள்
கீழூரில் கூடி ஓட்டுப் போட்டார்கள்.
நூற்று எழுபத்தெட்டில்
நூற்று எழுபது பேர், "இந்தியாவோடு" என்றார்கள்.
நவம்பர் ஒன்றாம் தேதி
ஒரு கொடி இறங்கியது, ஒரு கொடி ஏறியது.
காரைக்காலுக்கும் மிட்டாய் வந்தது.
ஹபீபா இரண்டு எடுத்தாள்,
ஒன்று போன வருஷத்துக்கு.

வாஞ்சூர் மூங்கிலை யாரோ தூக்கிவிட்டார்கள்.
மறுநாள் காலை அந்த ஆடு
பழக்கத்தில் அங்கேயே வந்து நின்றது.
யாரும் தடுக்கவில்லை.
கொஞ்ச நேரம் யோசித்தது.
அப்புறம் நாகூருக்குப் போய்விட்டது.