இரண்டு குதிரைத் திறன்

கன்னியக்கோயிலில் என் கிரைண்டருக்கு ஒரு மோட்டார்.
மஞ்சக்குப்பத்தில் வாடகைக்குப் பிடித்த அறையில் இன்னொன்று.
கோயம்புத்தூரிலிருந்து ஒரே லாரியில் வந்து இறங்கியவை.
எது எதுவென்று கேட்டால்
எனக்கே சொல்லத் தெரியாது.

பாகூர் கொம்யூன் படிவத்தில் அது
ஒன்றரை கிலோவாட்.
கடலூர் மாநகராட்சிப் படிவத்தில்
இரண்டு குதிரை.
முள்ளோடைத் தடுப்பில் டவுன் பஸ் ஏறி இறங்கும்போதெல்லாம்
மடியில் வைத்திருக்கும் ஃபைலுக்குள்
வாட் எழுந்து நின்று கனைத்துக்கொள்ளும்.

வீட்டுக்கு வீடு வாசப்படி.
ஆபீசுக்கு ஆபீஸ் படிவம்.

இங்கே கணவர் பெயர் கேட்டார்கள்:
மஞ்சினி என்று எழுதினேன்.
அங்கே தகப்பனார் பெயர்:
செத்துப் பதினோரு வருஷமான அங்காளனை
எழுப்பிக் கட்டத்துக்குள் உட்கார வைத்தேன்.
பெண்ணையாற்றுப் பாலம் தாண்டினால் மகள்,
திரும்பி வந்தால் மனைவி.
நாலு அரிசிக்கு ஒரு உளுந்து,
அது மட்டும் எந்தக் கரையிலும் மாறவில்லை.

தொழிலின் தன்மை என்ற இடத்தில்
இட்லி மாவு என்று எழுதினேன்.
இங்கே அடித்துவிட்டு உணவு தயாரிப்பு என்றார்கள்.
அங்கே அடித்துவிட்டு
இயந்திரம் கொண்டு அரைத்தல் என்றார்கள்.
அப்படியென்றால் இங்கே நான் சமைக்கிறேன்,
அங்கே சத்தம் போடுகிறேன்.
சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் சம்மதம் வேண்டுமாம்.
பக்கத்து வீடு பூட்டியிருக்கிறது,
சிங்கப்பூரில் இருக்கிறார்கள்.
பூட்டிடம் கேட்டேன். அதற்கு ஆட்சேபணை இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன்.
கடலூரில் சத்தியசீலன் என்ற எழுத்தர்
நல்ல மனுஷன்தான், காத்திருந்தால் ஃபேனை என் பக்கம் திருப்புவார்.
அன்றைக்குக் குரலைத் தாழ்த்தி,
"பாண்டிச்சேரியில என்னம்மா கேக்குறாங்க?" என்றார்.
சம்பந்தி வீட்டில் என்ன சமைத்தார்கள் என்று கேட்கிற மாதிரி.
எடுத்துக் கொடுத்தேன்.
தாளைத் தடவினார். திருப்பிப் பார்த்தார்.
"கட்டமெல்லாம் எவ்வளவு பெருசா விட்டிருக்கான்!"
பக்கத்து மேஜைக்காரரும் எட்டிப் பார்த்தார்.
ஒன்பதாவது வரியில் விரல் நின்றது:
தண்ணீர்ப் பரிசோதனைச் சான்று.
"இது நல்லாருக்கே.
நமக்கும் இதுல ஒரு நகல் குடுத்துடுங்க."

மறுநாள் பாகூர்.
லூர்துமேரி மேடம் ஆதார் அட்டையைச் சரிபார்த்தபடி,
நிமிராமல்,
"கடலூர்ல என்ன கேட்டாங்க?" என்றார்.
நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.
பக்கத்து வீட்டுச் சம்மதத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன்.
பேனா நின்றது.
பத்து வருஷமாய் அரைக்கிற வீட்டுக்கு
இப்போது சம்மதம் வாங்கவேண்டும்,
அதுவும் எங்கள் வேலித் தகராறு இன்னும் முடியாத
தனபாக்கியத்திடம்.

ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை இரண்டு ஆபீசுக்கும் நடுவில்.
ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்ததில்லை.
இரண்டு அரசாங்கமும் ஒன்றைப் பற்றி ஒன்று
தெரிந்துகொள்வதற்கு
பன்னிரண்டு ரூபாய் டிக்கெட் எடுத்து
நான் போய் வந்துகொண்டிருக்கிறேன்.

மஞ்சினி சொல்கிறான்: ஒரு பக்கத்தை விட்டுடு.
எந்தப் பக்கத்தை என்று கேட்டேன்.
கடலூரில் மூன்று மாச வாடகை போயிற்று.
கன்னியக்கோயிலில் தனபாக்கியத்துக்கு
இரண்டு பாக்கெட் மாவு கொடுத்தனுப்பினேன்,
பாக்கெட் திரும்பி வரவில்லை, பதிலும் வரவில்லை.
நல்ல சகுனமா என்று தெரியவில்லை.

மாவுக்கு இதெல்லாம் எட்டவில்லை.
ராத்திரி மூடி வைத்தால்
விடியுமுன் தானாக எழுந்து
மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது,
யாரிடமும் கையெழுத்து வாங்காமல்.

செவ்வாய் இங்கே வரச் சொல்லியிருக்கிறார்கள்.
புதன் அங்கே.
வியாழன் ராத்திரி உளுந்து ஊறப்போட வேண்டும்,
ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணத்துக்கு அறுபது கிலோ ஆர்டர்.
எந்தப் பக்கம் ஊறவைப்பது
என்றுதான் இன்னும் முடிவாகவில்லை.