பாட்டில் பாதி

டொலீடோ ஊரில் என் பொறுப்பில் நாற்பத்தொரு ஜூக்பாக்ஸ்.
செவ்வாய்க்கிழமை ஆற்றுக்கு இந்தப் பக்கம்,
வியாழன் அந்தப் பக்கம்.
சாவியைத் திருப்பு, சில்லறையைப் பையில் கொட்டு,
தேய்ந்த தட்டை உருவு, புதுசைச் செருகு.
எந்தப் பாட்டு எத்தனை தரம் சுழன்றதென்று
உள்ளே ஒரு சின்ன முள் சொல்லும்.
மற்றபடி எனக்குச் சங்கீதம் தெரியாது.

ஐம்பத்தாறில் ஒரே பாட்டு இரண்டு தட்டில் வந்தது.
மார்ச்சில், டார் தெரு பெட்டிகளில், ஓடெல் ப்ரூயிட்:
கடைசிப் படகு போனால் போகட்டும்,
பாட்டிலில் இன்னும் பாதி ஜின் இருக்கு.
தொண்டையில் யாரோ நாற்காலியை இழுப்பதுபோல ஒரு குரல்.

மே மாதம் மெரிடேல் நால்வர்.
நான்கு பேருக்கும் ஒரே தையற்காரர்,
ஒரே பல்வரிசை.
டிரம்மை அடுத்த அறைக்கு அனுப்பிவிட்டு
வயலின்களை உட்காரவைத்திருந்தார்கள்.
ஜின், எலுமிச்சைச் சாறாகிவிட்டது.

"ஒரே பாட்டுக்கு எதுக்கு ரெண்டு தட்டு?
விக்கிறதை வை" என்றார் முதலாளி ஷ்டாங்கல்.
விற்றது.
பௌலிங் கூடங்களில், ஐஸ்கிரீம் கடைகளில்,
டயர் கம்பெனி கேன்டீனில்கூட
முள் முந்நூறைத் தாண்டியது.
ப்ரூயிட்டைக் கழற்றி என் காரின் பின்சீட்டில் அடுக்கினேன்.
ஜூலை வெயிலில் தட்டுகள் அப்பளமாய் நெளிந்தன.

ஒன்றை மட்டும், ஏன் என்று கேட்காதீர்கள்,
கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கு எதிரே இருந்த சோடாக் கடையில்
மெரிடேல் என்ற சீட்டுக்குப் பின்னால் வைத்தேன்.
நால்வரை அழுத்தினால் ஓடெல் வருவான்.
ஒரு மாதம். புகார் இல்லை.
முள் மட்டும் இரண்டு மடங்கு.

இரண்டு தட்டிலும் தலைப்புக்குக் கீழே
எறும்பு எழுத்தில் எழுதியவர் பெயர்.
ஒன்றில் வி. ஹாஸ்கின், மற்றதில் வி. ஹாஸ்கியூ.
வில்லியமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன்,
நினைத்த அளவுக்கு.

வெர்னெட்டா.
டார் தெருவில், டூலியின் சாப்பாட்டுக் கடையில்,
பெட்டியின் வயிற்றைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தபோது வந்தாள்.
ஹோட்டல் சலவையறையிலிருந்து நேராக;
கையில் ப்ளீச் வாடை.
"தூக்கிப் போடற தட்டு ஒண்ணு இருந்தா குடுங்க.
போட்டுக் கேக்க வீட்டுல பெட்டி இல்ல.
சும்மா வெச்சுக்க."

"அசல்தானே வேணும்?" என்றேன்,
எல்லாம் தெரிந்தவனாட்டம்.

சிரித்தாள்.
"அசலா? நாப்பது டாலருக்கு நான் எழுதிக்குடுத்த தாள்ல
ஜின்னும் இல்ல, எலுமிச்சையும் இல்ல.
மண்ணெண்ணெய்.
ஓடெலுக்கு அது வாய்ல நுழையல.
குடிக்கிற மாதிரி ஏதாச்சும் வைன்னான்."

சில்லறை எண்ணிக்கொண்டிருந்தேன்.
கணக்குத் தவறியது. முதலிலிருந்து தொடங்கினேன்.

"முப்பத்தேழு வெள்ளம். பதூக்கா.
ஊர் முழுக்க கரண்ட் இல்ல.
கூட்டிட்டுப் போக வெளியே படகு நிக்குது.
பாட்டில்ல பாதி இருக்கு,
அது தீர்ற வரைக்கும் முகம் தெரியும்.
அவ்வளவுதான் பாட்டு."

யாருடைய முகம் என்று நான் கேட்கவில்லை.
அவளும் பாடிக்காட்டவில்லை.

இரண்டு தட்டையும் நீட்டினேன்.
வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் படித்துவிட்டு
மெரிடேலை எடுத்துக்கொண்டாள்.
"இதுலதான் என் பேரு சரியா இருக்கு."

ப்ரூயிட்டைத் திரும்பச் செருகினேன்.
பெட்டியைச் சாத்தினேன்.
கோட்டில் பனி ஒட்டிய ஒருவன் வந்து காசு போட்டான்.
எந்தப் பாட்டு என்று கவனிக்கவில்லை.
கண்ணாடிக்குள் பல்பு எரிந்தது.
குனிந்து நின்ற அவன் முகம்
இரண்டு நிமிஷம் நாற்பது விநாடி
நன்றாகத் தெரிந்தது.