சிவப்பு முதலில் போகும்

இந்த ஊர் வெயிலுக்கு ஒரு வழக்கம்.
அச்சில் முதலில் சிவப்பைத் தின்னும்,
பிறகு மஞ்சளை.
நீலத்தைக் கடைசிவரை தொடாது.
பதினாறு வருடமாகப் பேருந்து நிறுத்தங்களில்
விளம்பரத்தாள் மாற்றுகிறவன் சொல்கிறேன்.

பேஜாவில், இடுகாட்டுச் சாலை நிறுத்தத்தில்
மார்ச் மாதம் அவளை மாட்டியது நான்தான்.
இடது கண்ணுக்குக் கீழே
நாவற்பழ நிறத்தில் ஒரு கன்றல்.
லிஸ்பனில் யாரோ அரைநாள் உட்கார்ந்து வரைந்ததாம்.
நடிகைக்குக் காயம் எதுவுமில்லை என்று
அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள்.
படித்ததும் எனக்கு ஏனோ நிம்மதியாக இருந்தது.

தலைக்கு மேலே வாசகம்:
சுவருக்கும் காதுண்டு. உங்களுக்கு வாயுண்டு.
கீழே, எல்லார் கண்ணிலும் படவேண்டுமென்று
கொட்டைச் சிவப்பில் ஒன்பது எண்கள்.

இரண்டு வாரத்துக்குத்தான் பணம் கட்டியிருந்தார்கள்.
அடுத்து அந்த இடத்தை எவரும் வாங்கவில்லை
(இடுகாட்டுக்குப் போகிறவர்களிடம்
எதை விற்பது?)
ஆகவே அவள் அங்கேயே நின்றாள்,
ஏப்ரல், மே, ஜூன்,
நாற்பத்திரண்டு டிகிரி ஜூலை.

மே மாதம் வேனில் கடக்கையில் பார்த்தேன்,
கன்றல் ஆறிக்கொண்டிருந்தது.
பரவாயில்லையே என்று
வாய்விட்டே சொன்னேன்.

ஜூலையில் உதடு போய்விட்டது.
கன்னத்து ரத்தம் போய்விட்டது.
நெற்றி, மூக்கு, கழுத்து, காது
எல்லாம் ஒரே நீலம்.
எது அடி எது முகம் என்று
பிரித்துச் சொல்ல முடியாதபடி.
எண்கள் இருந்த இடத்தில்
வெறும் தாள்.
அந்தச் சிவப்பைத் தேர்ந்தெடுத்தவர்
பேஜாவுக்கு ஒருநாளும் வந்திருக்க மாட்டார்.

ஆகஸ்டில் வல்தெமார் உத்தரவு அனுப்பினார்:
முலாம்பழம், கிலோ எண்பத்தொன்பது சென்ட்.
சட்டகத்தைத் திறந்து அவளை உருவினேன்.
ஓரங்கள் அப்பளமாய் நொறுங்கின.
பழங்களை மாட்டி, மூடி, நாலடி பின்னால் வந்து
கோணல் பார்த்தபோதுதான் தெரிந்தது
முலாம்பழங்களின் மேல் ஒன்பது எண்கள்.

தாளில் இல்லை. கண்ணாடியில்.
கறுப்பு மார்க்கரில், அவசரக் கையெழுத்தில்.
அதற்குக் கீழே சின்னதாக:
விடிகாலை நாலு மணிக்கும் எடுக்கிறார்கள்.

யார்?
ஆறு பத்து வண்டிக்கு நிற்கும் பெண்களை
ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன்.
ஆஸ்பத்திரிச் சலவைக்குப் போகும் ஃபெலிஸ்மினா.
காதில் ஒயர் மாட்டிய பள்ளிக்கூடப் பெண்.
கணவன் கல்லறைக்கு
வாரம் தவறாமல் பூக் கொண்டுபோகும் லுதொவீனா அம்மாள்.
அவர்தான் என்று தோன்றிய நிமிஷமே
நினைப்பை நிறுத்திக்கொண்டேன்.

ஒப்பந்தத்தில் இருக்கிறது,
கண்ணாடியைத் துடைக்க வேண்டும்.
துடைத்தேன். மேல்பக்கம், இடப்பக்கம்,
புறா எச்சம், யாரோ கீறிய இதயம்.
எண்களுக்கு அருகே வந்ததும்
துணி தானாகச் சுற்றிப் போயிற்று.

ஐந்தாவது எண் ஒன்றா ஏழா, சரியாகப் புரியவில்லை.
தப்பான எண்ணை விட்டுவைத்து என்ன புண்ணியம்?
சரிபார்க்கத்தான் அழைத்தேன்.
சத்தியமாகச் சரிபார்க்க மட்டும்தான்.

இரண்டாவது மணியில் ஒரு பெண்குரல்.
ஏழுதான்.
'ஒன்றுமில்லை, எண் சரியா என்று
பார்த்தேன்' என்றேன்.
'சரி' என்றாள். வைக்கவில்லை.
ஒன்றுமில்லை என்று ஆரம்பிக்கிறவர்கள்
அவளுக்குப் பழக்கம் போலிருக்கிறது.

வேனின் விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது.
முலாம்பழம் வலப்பக்கம் ஒரு விரல் சாய்ந்திருந்தது.
'எங்கள் மேல்வீட்டில்' என்றேன்,
'சனிக்கிழமை இரவானால் நாற்காலி விழுகிறது.
ஒரு வீட்டில் எத்தனை முறைதான்
நாற்காலி விழும்?'

'சொல்லுங்கள், கேட்கிறேன்' என்றாள்.

நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்,
நாலு வருடமாக.