கீழிருந்து தொடங்கு

கீழிருந்துதான் தொடங்க வேண்டும்.
மேலிருந்து வெட்டினால்
மேல்மண் உதிர்ந்து
அடிமண்ணின் கணக்கைக் கெடுத்துவிடும்.
அதனால்தான் கொஸ்தனாய்ப் புல்வெளியில்,
கோதுமை அறுத்து முடித்த வயலில்
கழுத்தளவு குழிக்குள்
குனிந்து நிற்கிறேன்.

கத்தியைச் சாராயத்தில் முக்கி நெருப்பில் காட்டுகிறேன்.
"ஆடு அறுக்கப் போகிறாயா?"
மேலிருந்து தொலெகென். வயல் அவருடையது.
டிராக்டரை அணைத்துவிட்டு
குழியின் விளிம்பில் குந்தியிருக்கிறார்.
அவர் கோப்பைத் தேநீரின் ஆவி
செப்டம்பர் காற்றில் சாய்கிறது.

நூற்றைம்பது சென்டிமீட்டர்.
வெளிறிய, இறுகிய, சில்லிட்ட மண்.
இங்கே காற்று ஒரு விருந்தாளி.
வேரும் தாளும் மக்கியதை
மேலே இருப்பவர்கள் தின்று முடித்த பிறகு
பனி உருகும் நீரோடு இறங்கி வரும்
எச்சில் பருக்கைதான் சாப்பாடு.
அதுவும் வந்தால் உண்டு.
குடியிருப்போர் சிலர்.
ஒரு செல் இரண்டாகப் பிரிய
எத்தனை குளிர்காலம் ஆகும் என்று
எங்கள் ஆய்வகத்தில் யாரும் அடித்துச் சொல்வதில்லை.
பசி என்றுகூட அதைச் சொல்ல முடியாது.
பசிக்கு வயிறு நிறைந்த ஒரு நாளின்
ஞாபகம் வேண்டும்.

நூற்றுப் பத்தில், வெளிர்மண்ணின் நடுவே
கையகல வட்டம் ஒன்று. கன்னங்கறுப்பு.
"சூயிர்," என்றார் தொலெகென், எட்டிப் பார்த்து.
மர்மோட்டின் பழைய வளை.
மேல்மண் சரிந்து நிரம்பியிருக்கிறது.
உழவு வந்தபோது அவை போய்விட்டன என்பார்கள்.
விதிப்புத்தகத்தில் ஒரே வரி: தவிர்க்கவும்.
தவிர்த்து, ஒரு சாண் தள்ளி வெட்டினேன்.

அறுபதில் வெள்ளைக்கண்.
சுண்ணாம்பு திரண்ட புள்ளிகளுக்கு
நாங்கள் சொல்லும் பெயர்.
ஒரு சொட்டு அமிலம் விட்டேன், சீறியது.
"உயிரோடு இருக்கிறதே!"
இல்லை அண்ணா, அது வெறும் சுண்ணாம்பு.
உயிருள்ளவை இங்கே சத்தம் போடுவதில்லை.

முப்பதில் கத்தி நுழையவில்லை.
கலப்பை ஆண்டாண்டாய் வழுக்கிப்போன தளம்,
தார் போட்டதுபோல்.
வேர்கள் இதன்மேல் முட்டி
பக்கவாட்டில் ஓடியிருந்தன.

பிறகு பத்து.
கோதுமைத் தாள், பூஞ்சை இழை, மழைவாசனை.
ஒரு சிட்டிகைக்குள் நெரிசல்:
சர்க்கரைக்கு ஓடுகிறவை, நைட்ரஜனுக்குத் தள்ளுமுள்ளு,
அடுத்தவனைக் கொல்ல மருந்து காய்ச்சுகிறவை.
வெயில் ஏறினால் பாதி சாகும்.
தூறல் விழுந்தால் மறுநாளே ஈடுகட்டும்.

குழாய்களை மூடிப் பெட்டியில் அடுக்கிய பின்
மறுபடி குழிக்குள் இறங்கினேன்.
கறுப்பு வட்டத்திலிருந்து ஒரு கரண்டி.
ஒட்ட லேபிள் இல்லை,
கையுறையில் கிழித்த துண்டில் 'வளை' என்று எழுதினேன்.

"என் குத்தகைப் பத்திரத்தில்
நீளம் இருக்கிறது, அகலம் இருக்கிறது," என்றார் அவர்.
"எவ்வளவு ஆழம் வரை எனக்கு?"
எனக்குத் தெரியவில்லை.
தேநீர் ஆறிவிட்டது என்றேன்.

பிப்ரவரியில் திரையில் புள்ளிகள் விழுந்தன.
மேல்மண் ஒரு கூட்டம், அடிமண் ஒரு கூட்டம்.
இரண்டுக்கும் ஒட்டாமல்
ஓரத்தில் ஒற்றைப் புள்ளி.
"பிழை, எடுத்துவிடு," என்றாள் நூர்ஜமால்.
அவள் சொல்வதிலும் நியாயம் இருந்தது.
ஒரே ஒரு கரண்டியை வைத்து என்ன சொல்ல?
எடுக்கவில்லை. சாம்பல் நிறம் கொடுத்து விட்டுவைத்தேன்.

ஜூனில் தொலெகென் அழைத்தார்.
குழியை அன்று டிராக்டர் பிளேடால்
ஒரே தள்ளில் மூடியிருந்தார்,
அடி மேலாய், மேல் அடியாய்.
"உன் இடத்தில் மட்டும்
பயிர் முழங்காலைத் தாண்டவில்லை.
மஞ்சளாய் நிற்கிறது, சதுரமாய்.
தூரத்திலிருந்தே தெரிகிறது," என்றார்.
கோபமா என்று கேட்டேன்.
"வந்து பார்," என்றார்,
"கத்தியையும் கொண்டு வா."